அணில் போயிடுச்சா?

என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறார். வானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, தரையில் இருப்பவர்களிடம் பேச அவருக்கு ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்டியா? அம்மா சாப்டாங்களா? சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? கல்யாணமான புதிதில் ஒரு வருடம் கூடவே இருந்தார், அப்போதும் இதே கதைதான். ஆனால் அப்போது பக்கத்தில் இருந்தாரே.

இப்படி ஞாயிற்றுக்கிழமை போனோடு போய்க்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்குள் அணில் புகுந்தது. ஸ்டோர் ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய ஓட்டை வழியாக வந்து, தலையணைப் பஞ்சைப் பிடுங்கிப் பரண்மேல் கூடு கட்டிவிட்டது. விடிந்தால் கீச்கீச். காது மந்தமான என் மாமியாருக்கே கேட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மருந்து வச்சுத் தொலைடி" என்றார்.

"அரிசி பருப்பெல்லாம் இருக்குற ரூம்ல மருந்தா அத்தை? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையால்ல இருக்கு!"

அந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் இதை அவரிடம் சொன்னேன். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தது குரலிலேயே தெரிந்தது.

"குட்டி இருக்கா பாரு. இருந்தா இப்ப அடைச்சிடாத. தாய் வெளிய மாட்டிக்கும், குட்டி உள்ளயே செத்துப்போயிடும். வளந்து தானா போகட்டும்."

மறுநாளே மறுபடி போன். குட்டி எத்தனை, கண் திறந்ததா, தாய் என்ன கொண்டுவருகிறது என்று கேள்விமேல் கேள்வி. அத்தைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு குட்டி தவறி அத்தையின் தலைமேல் விழுந்து கொண்டையைப் பிடித்துத் தொங்கியதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

தினமும் கூப்பிட்டார். குட்டிகள் வளர்ந்து வெளியே ஓட ஆரம்பித்ததும் அவரே வழியும் சொன்னார்.

"சுவரைத் தொடுற மரக்கிளையை வெட்டிடு. ஓட்டையில பழைய பேப்பரை உருட்டி லேசா வை. உள்ள ஏதாவது இருந்தா போகவர அதைத் தள்ளிக் கீழ போட்டுடும். ரெண்டு மூணு நாள் அப்படியே இருந்துச்சுன்னா எல்லாம் போயிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் கம்பி வலை அடிச்சிடு."

வைத்தேன். பேப்பர் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. அடுத்த நாள் ஸ்டூல்மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அணில் போயிடுச்சா?"

போயிடுச்சு என்றால் எல்லாம் முடிந்தது. திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை, திரும்பவும் சாப்டியா. உருண்டையைப் பிடுங்கிக் கீழே போட்டேன். "எங்கங்க, பேப்பர் தரையில கிடக்கு" என்றேன். பொய்யா என்ன, தரையில்தானே கிடந்தது!

அதன்பிறகு தினமும் இதே பிழைப்பு. பேசி முடித்ததும் உருண்டையைத் திரும்ப ஓட்டையில் வைப்பேன்; மறுநாள் போன் வருவதற்குள் போய்ப் பிடுங்கிப் போட்டுவிடுவேன். ஒருநாள் போனால், எனக்கு முன்பே உருண்டை கீழே கிடக்கிறது. அடுத்த நாளும் அப்படியே. நிஜமாகவே அணில் திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், கடைக்குப் போனவள் சீக்கிரம் திரும்பிவிட்டேன். ஸ்டோர் ரூமில் லொட் லொட்டென்று சத்தம். எட்டிப் பார்த்தால் அத்தை! முட்டிவலிக்காரி, ஆடுகிற ஸ்டூல்மேல் ஏறி நின்று, குடைக்காம்பின் வளைவால் பேப்பரை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

"விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்குறது?" என்று கத்தி, கட்டிப்பிடித்து இறக்கினேன்.

அத்தை குடையை விடவில்லை. "பெத்ததுலேர்ந்து அவன் எங்கிட்ட இவ்வளவு பேசினதில்லடி. 'அம்மா, இன்னிக்கு சத்தம் கேட்டுச்சா'ன்னு தினம் கேக்குறான். அணில் போனா அதுவும் போயிடும்."

"நானும் இதைத்தான் பண்ணிட்டு இருந்தேன் அத்தை."

ஏற இறங்கப் பார்த்தார். "அடி கள்ளி!"

சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஆளின் குரலுக்காக இரண்டு பொம்பளைகள் இப்படி ஸ்டூல் ஏற வேண்டியிருக்கிறதே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அணில் போயிடுச்சா?"

"போய் ரொம்ப நாளாச்சு! பேப்பரைப் பிடுங்கினது நானும் உங்கம்மாவும்தான். உங்க குரலைக் கேக்கணும்னு. போதுமா? இன்னிக்கே வலை அடிக்கப் போறேன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

"அப்ப நாளைக்கு நான் என்ன கேக்குறது?" என்றார். "எனக்கு வேற எதுவும் பேச வரலையே."

அத்தை போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்க வேணாம்டா. சும்மா லைன்ல இரு, அது போதும்."

அவர் வைக்கவில்லை.