ஈரப் போர்வையும் மூன்று கயிறுகளும்

தனக்கொடி கடைசியாக என்னிடம் கேட்டது, ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லித்தான். மொட்டைமாடியில் எதிரும் புதிருமாக நின்று பிழிந்தோம். அவள் கையைப் பார்த்துக்கொண்டே முறுக்கினால் நானும் அவள் திருப்பும் பக்கமே திருப்பிவிடுவேன். போர்வை பிழியாது, இருவர் கையிலும் சும்மா உருளும். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்.

"ஆத்துல போட்டு ஓட்றவருக்கு எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியல. ஒங்கள நம்பி ஜனங்க ஏறுதுங்க பாருங்க" என்றாள். போர்வையை நீலக் கயிற்றில் விரித்துப் போட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போனாள்.

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலை நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மேலே போர்வை நன்றாகக் காய்ந்திருந்தது.

அந்த நீலக் கயிறு துணி காயப்போட வாங்கியதல்ல. நோணாங்குப்பம் பக்கம் ஆற்றில் ஜானகிராமன் வைத்திருந்த விசைப்படகை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி என்றாலும் அவன் எனக்கு வயதில் இளையவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். இரண்டாயிரத்து மூன்றில் புதிதாக, வரிசையாக உட்கார்ந்து போகும் வாழைப்பழ வடிவ ரப்பர் மிதவையான பனானா போட் ஒன்றும், நின்றுகொண்டு சறுக்கிப் போகும் ஸ்கீ பலகையும் வாங்கிப் போட்டான். படகைக் கரையில் கட்டும் வெள்ளை நைலான் கயிற்றிலேயே எல்லாவற்றையும் இழுக்கச் சொன்னான். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த ஒரு சொல்தா வீட்டுப் பேரன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் குடும்பம், முதலில் பலகையில் நின்றான். கயிறு ரப்பர் மாதிரி நீண்டது, பிறகு வெடுக்கென்று சுருங்கி அவனைத் தூக்கி எறிந்தது. அவன் விழுந்ததும் கயிறு தண்ணீருக்குள் முழுகிப் படகுக்கு அடியில் சுற்றும் விசிறிப் பக்கம் போனது. இஞ்சினை நிறுத்திவிட்டேன்.

ஜானகிராமன் சென்னையிலிருந்து நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று என இரண்டு கயிறுகள் வரவழைத்தான். எதற்கு எது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெள்ளையிலும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தனக்கொடி மூன்றையும் தண்ணீர் டிரம்மில் போட்டுப் பார்த்தாள். வெள்ளை மட்டும் முழுகியது. பிறகு மாடியில் மூன்றையும் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கனமான போர்வையை நனைத்துப் போட்டாள். சாயங்காலம் வெள்ளையில் கிடந்தது தரையைத் தொட்டுவிட்டது. ஆரஞ்சு ஒரு சாண் இறங்கி நின்றிருந்தது. நீலம் கட்டினது கட்டினபடி.

"நீலந்தான் ஒசத்தி. எல்லாத்துக்கும் இதையே போடுங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பலகையில் நிற்பவர்களுக்கு நீலம் நன்றாகவே உதவியது. ஞாயிற்றுக்கிழமை பனானா போட்டில் ஒரு குடும்பமே ஏறியது. படகை எடுத்ததும் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். ஒருவருக்கும் அடியில்லை. பெரியவரின் பல்செட் மட்டும் ஆற்றோடு போய்விட்டது. வீட்டில் சொன்னபோது தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பல்லு போனா என்னா, அதான் வாழப்பழத்து மேல குந்தியிருந்தாரே, அதையே சாப்ட்டுக்கட்டும்."

"கயிற எடுத்துக் குடுத்தவ நீதான்டி."

அவள் சிரிப்பை நிறுத்தி யோசித்தாள். "நின்னுகிட்டு வர்றவங்க கைய மடக்கி, முட்டிய மடக்கித் தானே சமாளிச்சிக்குவாங்க. குந்திகிட்டு வர்றவங்க என்னா பண்ணுவாங்க? பஸ்ஸ வெடுக்குன்னு எடுத்தா நாம சாயல? அவங்களுக்குக் கயிறுதான் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். ஆரஞ்சப் போட்டுப் பாருங்க."

அதன்பின் பனானா போட்டுக்கு ஆரஞ்சு, ஸ்கீக்கு நீலம், படகைக் கட்ட மட்டும் வெள்ளை என்றாயிற்று. மீந்த நீலத்தை அவள் மாடியில் கொடியாகக் கட்டிக்கொண்டாள். நான் கட்டும் முடிச்சு அவளுக்குப் பிடிக்காது. இரண்டு முனையும் அவள் போட்ட முடிச்சுதான்.

அவள் போன மறுவருஷம், பொங்கல் லீவுக்குக் கூட்டம் வந்த நேரத்தில் ஸ்கீ கயிறு விசிறியில் சிக்கி அறுந்துபோனது. ஜானகிராமன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாடில இருக்கறத அவுத்துக் குடுண்ணே. புதுசு வந்ததும் திருப்பித் தந்துடறேன்."

அந்தக் கயிற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் லீவுக்கூட்டத்தை நம்பித்தான் அவன் பிழைப்பும் என் பிழைப்பும். மேலே போனேன். தூண் பக்கத்து முடிச்சில் நகத்தை நுழைத்து நெம்பியபோது உள்ளங்கை முழுக்க நீலப் பொடி அப்பியது. அவள் போவதற்கு முந்தின கோடையில் என் வெள்ளைச் சட்டையில் இதே நீலக்கோடு விழுந்ததைக் காட்டி, "சொட்டு நீலச் செலவு மிச்சம்" என்றாள் தனக்கொடி. பிறகு கயிற்றைக் கையால் தேய்த்துப் பார்த்தாள். "வெயில் தின்னுடுச்சிங்க. இனிமே இது துணிக்குத்தான், ஆளுக்கு ஆவாது" என்று சொல்லியிருந்தாள்.

கீழே வந்து கையைக் காட்டினேன். "இதுல ஆள இழுக்கக் கூடாது ஜானகி. அறுந்துடும்."

அவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "அண்ணி கட்னது, குடுக்க மனசு வரலன்னு சொல்லுண்ணே. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"அதுவுந்தான்" என்றேன்.

அந்த லீவு முழுக்க ஸ்கீ இல்லை, பனானா போட் மட்டும்தான். ஜானகிராமன் முகம் கொடுத்துப் பேச நாளாயிற்று.

போர்வையை இப்போது நானே துவைக்கிறேன். ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிக்கொண்டு மறுமுனையை முறுக்குவேன். குழாய் அசையாது என்பதால் எந்தப் பக்கம் முறுக்கினாலும் பிழிகிறது. இருந்தாலும் கை தானாக ஒருமுறை அவள் திருப்பிய பக்கம்தான் போகும். சொட்டச் சொட்ட எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பேன். நீலக் கயிறு வெளுத்துவிட்டது. ஒரு விரல்கூட இறங்கவில்லை.