முனை வீட்டு வேகம்

அக்காவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று அமைந்து வந்தது. ஒரே நிபந்தனை, வீட்டில் இணைய வேகம் ஐம்பது எம்பிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு. தெருமுனையில் இருக்கும் பெரியப்பா வீட்டில் இருநூறு. பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்ல இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்பார். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை நலம் விசாரிப்பது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் வேகத்தைக் காட்டாவிட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும். அக்கா கேபிள்காரரைப் பிடித்துக் கேட்டாள்.

"நாங்க ரெடிதாங்க. உங்க வீடு வரைக்கும் கேபிள் இழுக்க முனை வீட்டு வாசல் ஓரமா ஒரு கம்பம் நடணும். அந்தப் பெரியவர்தான் ஒரு வருஷமா விடமாட்டேங்கறார்," என்றார் அவர்.

நானும் அக்காவும் நேரே அங்கே போனோம். பெரியப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

"கம்பம் நட்டா கார் திருப்ப இடம் இருக்காதும்மா."

"உங்ககிட்ட கார் இல்லையே பெரியப்பா."

"வாங்க மாட்டேனா? நீ பேசாம இங்க வந்து வேலை பாரு. உன் பெரியம்மாவுக்கும் கூடமாட ஒத்தாசையா இருக்கும்."

உள்ளேயிருந்து பெரியம்மா, "காலையில ஏழு மணிக்கே வந்துட்டா பாத்திரமும் ஆயிடும்," என்றாள்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். வேலை போயிற்று. இப்போது துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள்.

பேருந்துக்கு முனை வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நேற்றும் பெரியப்பா வாசலில் நின்று எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டிருக்கிறார்.

"அதே நாலுதான்," என்றாளாம். வழக்கம்போல உச்சுக் கொட்டினாராம்.