நாலு விரல்

தன் அளவு ஒருநாளும் தப்பாது என்று தையல்காரம்மாவுக்கு ஒரு கர்வம். அவள் தைத்த சட்டையைப் போட்டவர்கள் கையைத் தூக்க முடியாமல் தவித்தது தனிக்கதை. "உடம்பு பெருத்துப்போச்சு, துணி என்ன பண்ணும்?" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

படியில் உருண்டு விழுந்ததிலிருந்து அவளுக்குச் சக்கர நாற்காலிதான் கால். அந்தக் குறைந்த வாடகைக் குடியிருப்பில் குளியலறை வாசல் நாற்காலியை உள்ளே விடாது. ஒவ்வொரு தடவையும் கணவர்தான் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார். பாதி சாத்திய கதவுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். தங்கமான மனிதர். அதனாலேயே அவளைக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

குடியிருப்பைப் புதுப்பிக்கப் போகிறோம், யாருக்கு என்ன வேண்டுமென்று சொல்லுங்கள் என்றார்கள். அவளே டேப்பை எடுத்தாள். நாற்காலியின் அகலத்தை அளந்து, லூசுக்கு ஒரு விரல் சேர்த்து, குளியலறை வாசல் இவ்வளவு இருக்கட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு தற்காலிக வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வரவேண்டிய வாரத்தில் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தபோது, கதவு நிலை உரசி விரல் தோல் பெயர்ந்துவிட்டது. அவளுக்குச் சுரீரென்றது. நாற்காலியை அளந்தாளே தவிர, அதை உருட்டுகிற கைகளை அளக்கவில்லை! வீட்டிலோ நிலை வைத்துப் பூசி எல்லாம் முடிந்துவிட்டது. இனிக் காலம் முழுக்க அவர் தூக்க, இவள் கூச, அவ்வளவுதான். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

புதுப்பித்த வீட்டில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. குளியலறை வாசலில் கணவர் பழக்க தோஷத்தில் குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க. நானே போறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு உருட்டினாள். எதுவும் உரசவில்லை. கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது.

"நான் சொன்ன அளவு இது இல்லையே, மேஸ்திரி?"

ஜன்னல் கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. என் கல்யாணச் சட்டை நீங்க தைச்சதுதான். அன்னைக்கு முழுக்க கையைத் தூக்க முடியல. அதான், நீங்க சொன்னதுக்கு மேல நாலு விரல் விட்டுட்டேன்."

கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வேறொரு நாளாக இருந்தால் மேஸ்திரியை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்று அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா என்றிருந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தானே தள்ளிப் போட்டாள்.

"எல்லாம் சரியா இருக்காம்மா? நான் இங்கதான் நிக்கிறேன்."

"நிக்காதீங்க. போய் உக்காருங்க."

காலடிச் சத்தம் விலகிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குழாயைத் திறந்து, அவசரமே இல்லாமல் முகம் கழுவினாள்.