வேரோடு வந்த பந்தக்கால்

கண்மணியின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பரமசிவம். அவள் அம்மா ரத்தினம்மாவுக்குப் புருஷன் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. தாய்மாமன் சீரையும் அவரே செய்தார். சிங்கப்பூரின் தோ பாயோ கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், அப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்ப்பார் என்று அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மற்ற வீடுகளில் வெட்டிய கழியை நடுவார்கள். அவர் தம் தோட்டத்திலிருந்த மூங்கிலை வேரும் மண்ணுமாகத் தோண்டிக் கொண்டுவந்து வேலியோரம் நட்டார். உயிரோடு நின்றால் குடும்பம் தழைக்கும், கல்யாணம் முடிந்தும் பிடுங்க வேண்டாம் என்றார். அது துளிர்த்தபோது ரத்தினம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள்.

அவள் அறிந்த மூங்கில் ஒரே இடத்தில் புதராக நிற்கும். இது மண்ணுக்கடியில் ஓடியது. முதல் மழைக்கு முருங்கையடியில் குருத்துவிட்டது. அடுத்த மழைக்குக் கிணற்றடியில். வெட்டினால் நாலடி தள்ளி முளைத்தது. கடைசியில் சமையலறைச் சிமெண்டுத் தரை வெடித்து, வெடிப்பில் ஒரு பச்சை முனை தெரிந்தது. கண்மணி பிரசவத்துக்கு வரவேண்டிய வீடு.

ஜாலான் புசார் கடைத்தெருவில் புது மண்வெட்டி வாங்கிவந்தாள். வேரை மறிக்க வேலியிலிருந்தே தோண்டத் தொடங்கினாள். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ மோதியது. மண்ணை விலக்கிப் பார்த்தாள். கூரைத் தகரம். வேலியின் அந்தப் பக்கத்தை ஒட்டி, நிமிர்த்தி, கோடி வரை புதைத்திருந்தது. அதில் முட்டிய வேர்களெல்லாம் அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

கூப்பிட்டாள். பரமசிவம் காப்பிக் குவளையோடு வந்தார். இதை எப்போது புதைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் மழுப்பவில்லை.

“நீ கல்யாணப் புடவை எடுக்கத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தல்ல, அன்னிக்குத்தான். இந்த மூங்கில் எங்க கக்கூஸ் சுவரையே பொளந்துடுச்சு தங்கச்சி. வெட்டி வெட்டி அலுத்துப்போச்சுலா.”

“அப்ப தெரிஞ்சேதான் நட்டீங்க.”

“தோண்டி எடுத்ததை எங்கயாச்சும் போடணும்ல? ஒனக்கும் பந்தக்கால் ஆச்சு. வெட்டுன கழி வேணும்னா தேக்கா வரைக்கும் யாரு போறது?”

“நான்தான் தேக்காவுக்கே போயிருந்தேனே அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவர் காப்பியை ஊதிக் குடித்தார். கொல்லையில் இன்னும் கொஞ்சம் தகரம் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். அந்தக் குரலில் வழக்கமான அக்கறை இருந்தது. சீர்த்தட்டை நீட்டியபோதும் இதே குரல்தான் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியை விட்டு நகர்ந்தாள். முருங்கையைத் தாண்டினாள். கிணற்றைத் தாண்டினாள். சமையலறைச் சுவரோரம் வந்து நின்று, வேரை மறிக்க அங்கே புதிதாகப் பள்ளம் தோண்டத் தொடங்கினாள். வேலி வரை இருந்த மற்ற நிலத்தை மூங்கிலுக்கு விட்டுவிட்டாள்.