இருபத்திரண்டு நிமிடம்

1912ஆம் ஆண்டு டிசம்பர் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. பாரிஸை ஒட்டிய புத்தோவில், வெர்ஜியே கார் தொழிற்சாலையின் பற்சக்கரப் பிரிவில் நாற்பத்தொரு பேர் வேலையில் இருந்தனர். நாற்பத்திரண்டாம் இயந்திரம் மட்டும் ஓடவில்லை.

அது பிளேஸுடையது. முந்தைய நாள் காலை, சுழலும் வெட்டுச் சக்கரத்தடியில் சேர்ந்த இரும்புச் சீவல்களைக் கையால் தள்ளப்போய், நான்கு விரல்களை அவர் இழந்திருந்தார். சூடேற்றுவதற்காக அவர் அடுப்பின்மேல் வைத்த சாப்பாட்டு டப்பா அங்கேயே இருந்தது. சூப் வற்றிக் கருகியிருந்தது. அடுத்த இயந்திரத்தில் நின்ற அன்செல்ம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் வெட்டியதும், இயந்திரத்தைச் சுழற்றும் தோல் பட்டையை நிறுத்தித் தூரிகையால் சீவலைத் தள்ளுவது அப்பிரிவின் வழக்கம். ஒரு பற்சக்கரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும். மூன்று வாரங்களுக்கு முன், வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறிப்பவன் கடிகாரத்தோடு அன்செல்மின் அருகே வந்து நின்றான். தன் கைத்திறனைக் காட்டிவிடும் ஆசையில், அன்செல்ம் பட்டையை ஒருமுறைகூட நிறுத்தாமல், சீவலை வாயால் ஊதியே வெட்டி முடித்தான். மறுநாள் கரும்பலகையில் எல்லாருக்குமாக எழுதியிருந்தது: இருபத்திரண்டு நிமிடம்.

எட்டு மணிக்கு முதலாளி வெர்ஜியே, பிளேஸுக்குப் பதிலாக ஒரு புது ஆளோடு வந்தார்.

“இந்த மெஷின் ஏன் சும்மா நிக்குது? ஓட்டுங்க.”

“ரத்தக்கறை இன்னும் அப்படியே இருக்குங்க, முதலாளி,” என்றான் அப்பிரிவுத் தொழிலாளி ஃபிர்மன். “கழுவிட்டு ஓட்டலாமா, இல்ல அதுக்கும் நேரம் குறிச்சிருக்கீங்களா?”

“என்னைக் குத்திப் பேசாத. அந்த நேரம் நான் போட்டதா? உங்க அன்செல்ம் செஞ்சு காட்டினது. அவனால முடியுது, உங்களால ஏன் முடியல?”

நாற்பது பேரும் அன்செல்மைப் பார்த்தனர். வாய் திறக்காவிட்டால் அவன் வேலை நிலைக்கும்.

“அது பொய் நேரம், முதலாளி. பட்டைய நிறுத்தாமலே வெட்டினேன். பவிசுக்காகச் செஞ்சேன். பிளேஸ் அண்ணன் விரல் போனது அதாலதான்.”

“அப்ப நீ வெளிய போகலாம்.”

அன்செல்ம் மேலங்கியை எடுத்தான். ஃபிர்மன் அதைப் பிடுங்கி ஆணியில் மாட்டினான்.

“எங்கடா ஓடுற? கெடுத்தது நீ, எங்ககூட நின்னு சரிபண்ணு. அந்த டப்பாவையும் கழுவு. அண்ணிகிட்ட நீதான் கொண்டுபோய்க் கொடுக்கணும்.”

ஃபிர்மன் தன் பட்டையை நிறுத்தினான். ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் நின்றன.

பழைய நேரத்தையே எழுதவும், அன்செல்மை வேலையில் வைத்துக்கொள்ளவும் கேட்டார்கள்; முதலாளி எதற்கும் இணங்கவில்லை. நண்பகலில் முற்றத்து மழையில் கூடி அவர்கள் முடிவு செய்தவை இவை: கரும்பலகையில் பழைய நேரம் எழுதப்படும்வரை ஒரு சக்கரமும் வெட்டுவதில்லை, அன்செல்மைத் திரும்பச் சேர்க்காமல் ஒருவரும் உள்ளே போவதில்லை, டப்பாவைப் பிளேஸின் மனைவியிடம் அன்செல்மே கொடுப்பது, அவனைத் தனியே அனுப்பாமல் நாற்பது பேரும் உடன் செல்வது.