மூன்று முறை பார்க்கும் தேவதாஸ்

ஒரே வேலையை ஒருவன் மூன்று தடவை செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1958-ல் என்னோடு வயர்மேனாக இருந்த தேவதாஸ் அப்படிப்பட்டவன். ஒரு கம்பியில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யவேண்டும் என்றால், முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் மீட்டரை வைத்து முள் ஏறுகிறதா என்று பார்ப்பான். பிறகுதான் அந்தக் கம்பிக்கு வருவான். அது முடிந்ததும் மறுபடியும் பழைய இடத்துக்கே போய்ப் பார்ப்பான். யாராவது அவசரப்படுத்தினால் "தூஸ்மான், தூஸ்மான்" என்பான். மெதுவாக என்பதற்குப் பிரெஞ்சு; வெள்ளைக்காரன் எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போனது.

"பொண்ணு பாக்கவும் மூணு தடவ போயிருப்பியே" என்று கேட்டேன்.

"நாலு தடவ" என்றான். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் ஆயுத பூஜையை நான்தான் முன்னின்று செய்தேன். கட்டிங் பிளேயர், திருப்புளி, ஏணி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மீட்டர் விலை கூடிய சாமான் என்பதால் அதற்கு மட்டும் தாராளம். பெட்டிக்குப் பூசியதோடு நிற்காமல், அதன் இரண்டு ஒயர்களின் முனையில் இருக்கும் ஊசிகளுக்கும் கெட்டியாக அப்பிவிட்டேன்.

மறுநாள் காலை குருசுக்குப்பத்து ஐஸ் கம்பெனியில் மோட்டார் நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. போனால், மீன் விற்கும் ராஜாம்பாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மூணு கூட வஞ்சிரம் வச்சிருக்கேன்பா. நீங்க ஆடி அசைஞ்சு முடிக்கறதுக்குள்ள கருவாடாயிடும்."

மோட்டார் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவைக்க தேவதாஸ் ஆபீஸ் அறைப் பக்கம் போனான். நான் மோட்டாரின் மூடியைக் கழற்றி, மீட்டர் ஊசிகளை உள்ளே வைத்தேன். முள் அசையவில்லை. கரண்ட் இல்லை. ராஜாம்பாளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே கையை நீட்டினேன்.

"கைய எட்றா" என்றான் தேவதாஸ், வாசற்படியில் நின்றபடி. "மீட்டர மொதல்ல எங்க வச்சுப் பாத்த?"

"எங்கயும் பாக்கல. அந்தம்மா மீனு நாறுது."

"எட்றா கைய."

அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எடுத்தேன். மீட்டரை வாங்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனான். நானும் முணுமுணுத்தபடி பின்னாலேயே போனேன். அங்கே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலிருந்த பிளக்கில் ஊசிகளைச் செருகினான். அங்கேயும் முள் அசையவில்லை.

ஊசிகளை வெளியே எடுத்துப் பார்த்தான். காய்ந்த சந்தனம் ஓடுபோல ஒட்டியிருந்தது. கத்தியால் சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடியும் செருகினான். முள் விருட்டென்று ஏறியது. பிறகு மோட்டாருக்கு வந்து, நான் கை வைக்கப்போன அதே இடத்தில் வைத்தான். அங்கேயும் ஏறியது.

சுவிட்சின் கைப்பிடி இறங்கியிருந்ததே தவிர, உள்ளே கரண்டைத் துண்டிக்கவேண்டிய மூன்று பட்டைகளில் ஒன்று உடைந்து, இறங்காமல் மாட்டிய இடத்திலேயே நின்றிருந்தது. ராஜாம்பாளின் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் என் மனைவி ஜெயம் காலையில் கொடுத்த இட்லியைச் சட்னி சரியில்லை என்று வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு தேவதாஸ் மேல் கோபமும் வந்தது. உயிரைக் காப்பாற்றியவன் ஒரு வார்த்தை திட்டினால்தான் என்ன?

அவன் திட்டவில்லை. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மெயின் பலகையில் மோட்டாருக்குப் போகும் பீஸ் கட்டைகளை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். மீட்டரை என்னிடம் நீட்டினான்.

பிளக்கில் பார்த்தேன். முள் ஏறியது. மோட்டாரில் பார்த்தேன். ஏறவில்லை. மறுபடி பிளக்குக்கு ஓடினேன். ஏறியது. திரும்பவும் மோட்டாரிடம் வந்து ஊசிகளை வைத்தேன். அப்புறம் பிளக்கை நோக்கி நடந்தேன்.

"ஏம்பா, இன்னும் எத்தினி தடவ?" என்றாள் ராஜாம்பாள்.

"சும்மா இரும்மா" என்றேன்.

"பாக்கட்டும், விடுக்கா" என்றான் தேவதாஸ். "ஐஸ் நான் வேற எடத்துலருந்து வாங்கியாறேன்."