என் விரலுக்கு மட்டும் பணிந்த கீபோர்டு

இந்தப் பூமியில் ஒரே ஒரு மனிதனின் விரலுக்கு மட்டும் கட்டுப்பட்ட கம்ப்யூட்டர் கீபோர்டு ஆம்பூரில் இருந்தது. அந்த மனிதன் நான்தான். இன்ஜினியர் அடித்தால் அது அசையாது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர் அடித்தாலும் அசையாது. இந்தக் கோதண்டபாணியின் ஆள்காட்டி விரல் பட்டால் மட்டும் திரையில் எழுத்து வரும். ரிட்டயர் ஆன பிறகு நான் இதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை, கேட்டுவிட்டுச் சிரிக்காத பந்தியும் இல்லை. சிரிக்கட்டும்.

2003-ல் நான் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதி ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். அந்தக் கீபோர்டு, எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் பையர் ஒருவர் வந்தபோது விட்டுப்போனது. நடுவில் இரண்டாகப் பிளந்து, முதுகு உப்பி, இரண்டு பக்கமும் சரிந்து, விரித்துக் காயப்போட்ட ஆட்டுத்தோல் மாதிரி இருக்கும். நாங்கள் அதற்கு ஒட்டகம் என்று பேர் வைத்திருந்தோம். எங்கள் டைப்பிஸ்ட் ஜெயபுஷ்பத்துக்கு மணிக்கட்டில் வலி வந்து, வேலூர் டாக்டர் "சாதா கீபோர்டைத் தொடவே கூடாது" என்று சொன்ன பிறகு, அவர் அடித்ததெல்லாம் ஒட்டகத்தில்தான். வலி போனது, பழைய வேகம் வந்தது. இன்ன வேகம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் அவர் அடித்த அடியில் தலைக்கு மேலே சுற்றிய ஃபேன் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. கரண்ட் போனதால் நின்றது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

பையர் அனுப்பும் ஃபைல்கள் திறக்கவில்லை என்று வாணியம்பாடியிலிருந்து ஜெஸ்டன் என்ற கம்ப்யூட்டர் இன்ஜினியர் வந்து புது விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. ஆன் செய்ததும் ஒட்டகம் ஒழுங்காக நடக்கும். ஜெயபுஷ்பம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அடித்தால் படுத்துக்கொள்ளும். ஆஃப் செய்து ஆன் செய்தால் எழுந்திருக்கும், மறுபடியும் படுக்கும். ஆஃப் செய்துவிட்டு சாதா கீபோர்டை மாட்டினால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் நாலு வரி அடிப்பதற்குள் ஜெயபுஷ்பம் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"பழைய கீபோர்டு, புது விண்டோசுக்கு ஒத்துக்கல சார்" என்றார் ஜெஸ்டன்.

ஆபீஸ் மேனேஜர் அதாவுல்லா பாய் அதற்கு மேல் யோசிக்கவில்லை. "பேஜாரு புடிச்ச சாமான். வெள்ளிக்கிழமை தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிடு. ஜெயபுஷ்பம்மா, உங்களுக்கு முடியலன்னா பேக்கிங் செக்‌ஷன் போய்டுங்க. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"பேக்கிங்ல பெட்டி தூக்கணும் பாய். இருக்கிற கையும் போய்டும்."

"நான் இன்னாம்மா பண்றது? ஷிப்மென்ட் பேப்பர் நிக்குதே!"

பேக்கிங் என்றால் அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். ஹார்பருக்குப் போகும் லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சீட்டு அடித்தாக வேண்டும். நான் ஒட்டகத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அது மறுபடியும் செத்துப்போச்சு. விடுங்க" என்றார் ஜெயபுஷ்பம்.

நான் விரலை வைத்தேன். எழுத்து வந்தது. அடுத்ததை வைத்தேன். அதுவும் வந்தது.

"ஐயய்யோ" என்று ஓடிவந்து அவர் படபடவென்று அடித்தார். ஒன்றும் இல்லை. நான் அடித்தேன், வந்தது. என் உடம்பில் ஏதோ மின்சாரம் ஓடுகிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாய் திரும்பி வந்தார். அவர் என்னை நம்பியதே கிடையாது. நான் மழை பெய்கிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பவர்.

"பாய், ஒட்டகம் எனக்கு மட்டும் வேலை செய்யுது."

"கோதண்டம், தொழுதுட்டு வந்த மனுசன்கிட்ட ஆரம்பிக்காதே."

அவரே குனிந்து டப்பு டப்பென்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. புது கீபோர்டு டப்பாவோடு வந்த ஜெஸ்டனும் தட்டினார். வரவில்லை. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, விரலை ஒருமுறை ஊதி, வைத்தேன். K வந்தது. O வந்தது. என் பேரையே அடித்துக்கொண்டு போனேன்.

"இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்குது" என்றார் பாய். ஜெஸ்டன் திரையைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்தார்.

"சார், ஒரு எழுத்தை இவ்ளோ நேரமா அமுக்குவீங்க?"

நான் எழுத்தை அடிப்பவன் இல்லை. காலிங் பெல் மாதிரி அமுக்கி, உள்ளேயிருந்து ஆள் வருகிறாரா என்று பார்த்த பிறகுதான் விரலை எடுப்பேன்.

ஜெஸ்டன் தலையில் அடித்துக்கொண்டார். கை நடுங்குகிறவர்களுக்காக புது விண்டோசில் ஒரு வசதி உண்டாம். அது ஆன் ஆகிவிட்டால் வேகமாகத் தட்டுவதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. நிதானமாக அமுக்கினால்தான் எடுத்துக்கொள்ளும். வலது பக்க ஷிஃப்ட்டைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தாலே அது ஆன் ஆகிவிடுமாம்.

"அதை யாருப்பா அமுக்கிப் புடிக்கிறது?" என்றார் பாய்.

ஜெஸ்டன் அந்த வசதியை நிறுத்திவிட்டு ஜெயபுஷ்பத்தை அடிக்கச் சொன்னார். வெள்ளம் மாதிரி அடித்தார். கட்டிங் சூப்பர்வைசரின் கோழிக் கிறுக்கல் கையெழுத்து வந்த இடத்தில் நின்றார். பேப்பரை உற்றுப் பார்த்தார். டைப்ரைட்டிங் கிளாசில் பழகியவருக்குக் கண் பேப்பரை விட்டு நகராது. அடுத்து வரும் பெரிய எழுத்துக்காக வலது சுண்டு விரல் மட்டும் ஷிஃப்ட்டின் மேல் ஏறி, அமுக்கிக்கொண்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அந்த வசதி ஆன் ஆனதைச் சொல்லித் திரையில் ஒரு பெட்டி முளைத்தது. அவர் பார்த்தால்தானே!

"அம்மா, சுண்டு விரலு!" என்று நான் கத்திய கத்தல் குடியாத்தம் வரை கேட்டிருக்கும்.

சாதா கீபோர்டில் வலிக்குப் பயந்து அவர் கையை அப்படி ஊன்றி வைத்ததே கிடையாது. அதனால்தான் அது தப்பித்தது. ஒட்டகம் சுகமாகக் கை வைக்க இடம் கொடுத்து மாட்டிக்கொண்டது. ஷிஃப்ட்டை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் ஒன்றும் ஆகாதபடி ஜெஸ்டன் மாற்றி வைத்தார். அதற்கப்புறம் ஜெயபுஷ்பம் அன்றைய ஷிப்மென்ட் பேப்பர் முழுவதையும் அடித்து முடித்தார். ஒட்டகம் ஒருமுறைகூடப் படுக்கவில்லை.

"பாய், நான் பேக்கிங் போகணுமா?" என்றார் டிராயரைப் பார்த்தபடி.

பாய் போனை எடுத்து மெட்ராசில் இருந்த முதலாளிக்குப் போட்டார்.

"சார், அந்தம்மா இங்கேயே இருக்கட்டும். கீபோர்டு நல்லாத்தான் இருக்குது... எப்டி கண்டுபுடிச்சோமா? அது வந்து... யார் அடிச்சாலும் வரல சார், நம்ம கோதண்டம் அடிச்சா மட்டும் வந்துச்சு... இல்ல சார், எனக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது." என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அவன் சொல்லி நான் சொல்லல சார். பக்கத்துல நின்னு நானே பார்த்தேன். நெசமாத்தான் சார், நடந்துச்சு."